பேட்டன் ரூஜ் கொல்லைப்புறத்தில் ஒரு நண்டு விருந்து: நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜ். அங்கே வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்து வீட்டிலேயே 'கிராப் பாயில்' (crab boil), அதாவது மசாலாத் தண்ணீரில் முழு நண்டை வேகவைக்கும் விருந்து, செய்தது. சாப்பாடு நன்றாக அமைந்தது, வந்தவர்கள் வயிறு நிறைந்துதான் போனார்கள். ஆனால் நண்டு பானைக்குள் போகும் முன் ஒரு முறையும், பானையை விட்டு வெளியே வந்த பின் ஒரு முறையும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான சமையல் குறிப்புகள் மசாலாவையும் கொதிக்கும் நேரத்தையும் சொல்லி முடித்துவிடுகின்றன. இந்த இரண்டு இடங்களைப் பற்றி அவற்றில் எதுவும் இருப்பதில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். அன்று கூடவே இருந்து உதவியவர்களில் நானும் ஒருவன். யாருடைய பெயரும் இதில் இல்லை.

## பின்னணி

கணவன் மனைவி இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மனைவி ஒரு நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கியிருந்தார். மகளும் மருமகனும் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஊர் நண்டு விருந்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் ஏற்பாட்டின் நோக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் லூசியானாவிலேயே பிறந்து வளர்ந்தவர். தன்னுடைய 60 குவார்ட் பானையையும் (ஏறக்குறைய 57 லிட்டர்), புரொப்பேன் அடுப்பையும் தருவதாகச் சொன்னதோடு, தானே வந்து நிற்பதாகவும் ஒப்புக்கொண்டார்.

அங்கே கிடைப்பது நீல நண்டு. நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நீலக்கால் நண்டுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே நீச்சல் நண்டுக் குடும்பம். மாமியார் பார்த்தவுடன், "நம்மூரு நண்டுதான், கொஞ்சம் குட்டையா இருக்கு" என்றார். அடிவயிற்று மடல் ஒல்லியாக நீண்டிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் முதிர்ந்த பெண் என்ற அடையாளமும் இரண்டுக்கும் ஒன்றேதான். கடையில் விற்பனைக்கு வரும் நண்டு ஒரு பக்கக் கூர்முனையிலிருந்து மறுபக்கக் கூர்முனை வரை 5 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது லூசியானா விதி.

சமைக்கும் விதம்தான் வேறு. நாம் நண்டை உடைத்துச் சுத்தம் செய்து மசாலாவில் போடுவோம். அங்கே முழு நண்டை உயிரோடு கொதிநீரில் போட்டு, தீயை அணைத்த பிறகு அதே மசாலாத் தண்ணீரில் ஊற விடுகிறார்கள். உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், வெங்காயம், முழுப் பூண்டு, எலுமிச்சை எல்லாம் அதே பானைக்குள்தான். பிறகு செய்தித்தாள் விரித்த மேசையில் மொத்தமாகக் கொட்டி, சுற்றி நின்று கையால் உடைத்துச் சாப்பிடுவார்கள். மசாலாவைப் பொறுத்தவரை, நியூ ஆர்லியன்ஸில் 1889-இல் தொடங்கிய சாட்டரேன்ஸ் நிறுவனத்தின் வலைப்பைதான் பல வீடுகளில் புழக்கம். மாமியார் அந்தப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடுகு, மல்லி, மிளகாய், பிரிஞ்சி இலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சதகுப்பை விதையில் மட்டும் கொஞ்சம் நின்றார்.

## விருந்துக்கு முன் எடுத்த முடிவுகள்

மொத்தம் 20 பேர். அதில் மூன்று பேர் சைவம். ஒரு பையனுக்கு இறாலும் நண்டும் ஒவ்வாமை. பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும் இருந்தார்கள். இது ஒரு வாரம் முன்பே பேசப்பட்டது. எனக்குத் தெரிந்து அன்று நடந்த நல்ல காரியங்களில் பாதி அந்தப் பேச்சில் தீர்மானமானவை.

பானையில் சாசேஜ் போடுவது அந்த ஊர் வழக்கம். அது பெரும்பாலும் பன்றி இறைச்சி என்பதால் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சைவக்காரர்களுக்கு முதலில் சொல்லப்பட்ட யோசனை, நண்டு போடும் முன் கிழங்கையும் சோளத்தையும் பெரிய பானையிலேயே வேகவைத்து எடுத்துவிடலாம் என்பது. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பானையில் வருடக்கணக்காக நண்டும் இறாலும் வெந்திருக்கின்றன. வந்தவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் மனசு ஒப்பாது. அதனால் வீட்டுக்குள் தனிப் பானை, தனிக் கரண்டி, பிரிக்காத புது மசாலாப் பை என்று முடிவானது.

ஒவ்வாமை உள்ள பையன் விஷயத்தில் இன்னும் கவனம் தேவைப்பட்டது. நண்டு, இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதம் கொதித்தாலும் அழிவதில்லை. நண்டு வெந்த தண்ணீரில் கிடந்த உருளைக்கிழங்கும் அவனுக்கு நண்டு மாதிரிதான். பானையிலிருந்து கிளம்பும் ஆவியிலும் அந்தப் புரதம் வரலாம். ஆகவே அவனுக்கும் வீட்டுக்குள் சமைத்த சைவச் சாப்பாடு என்றும், அடுப்பு எரியும் நேரத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் விளையாட்டு வீட்டின் முன்பக்கம் என்றும் ஏற்பாடு செய்தார்கள். அவனை மட்டும் ஒதுக்கி வைத்த மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாப் பிள்ளைகளையும் முன்பக்கம் அனுப்பியது. கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் எபிநெஃப்ரின் ஊசியை அவன் அம்மா கைப்பையில் வைத்திருந்தார். அது எந்தப் பை, எங்கே இருக்கிறது என்று இன்னும் இரண்டு பேரிடம் காட்டியும் வைத்தார்.

நண்டு ஆறு டஜன். சாப்பிடப் போகிறவர்களின் எண்ணிக்கைக்கு அது தாராளம்.

## காலை முதல் பிற்பகல் வரை

கணவர் காலை 10 மணிக்கே போய் நண்டை வாங்கி வந்துவிட்டார். கடையில் கூட்டம் சேரும் முன் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். விருந்து மாலை 7 மணிக்கு. வீட்டில் இருந்த பெரிய ஐஸ் பெட்டியில் 72 நண்டுகளையும் போட்டு, மேலே இரண்டு பை ஐஸைக் கொட்டி, மூடியை இறுக்கி, கார் ஷெட்டில் வைத்தார். வெளியே 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ்.

மீனுக்கு இது சரியான முறை. உயிருள்ள நண்டுக்கு இது ஆகாது. நண்டு செவுளால் மூச்சு விடுகிறது. செவுள் ஈரமாக இருக்கும்வரை வெளிக்காற்றிலேயே மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆனால் உருகிய ஐஸ் தண்ணீர் பெட்டியின் அடியில் தேங்கினால், அதில் மூழ்கிக் கிடக்கும் நண்டுகள் தண்ணீரில் உள்ள கொஞ்ச ஆக்சிஜனையும் சீக்கிரமே தீர்த்துவிட்டு மூச்சு முட்டிச் செத்துப்போகும். உப்பில்லாத தண்ணீர் என்பதும் அவற்றுக்குக் கேடுதான்.

பிற்பகல் 3 மணிக்குப் பெரியவர் அடுப்போடு வந்து மூடியைத் திறந்தார். ஐஸ் அநேகமாக உருகியிருந்தது. நாலு விரல் உயரத்துக்குக் கலங்கலான தண்ணீர். மேலே இருந்தவை கொடுக்கைத் தூக்கின. அடியில் கிடந்தவை அசையவே இல்லை.

## செத்ததா, சோர்ந்ததா

உடனே செய்தது, பெட்டியின் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடித்து, எல்லா நண்டுகளையும் நிழலில் ஈரச் சாக்கின் மேல் பரப்பியது. குளிரில் நண்டு விறைத்துப்போய் அசைவில்லாமல் கிடக்கும். அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. கால் மணி நேரம் பொறுத்தார்கள்.

பெரியவர் ஒவ்வொன்றாகச் சோதித்த விதம் பார்க்க வேண்டியது. இடுக்கியால் ஓட்டின் பின்புறம் பிடித்துத் தூக்குவார். உயிருள்ளது கால்களை உள்ளே இழுக்கும், செத்தது எல்லாக் கால்களையும் துவளத் தொங்கவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு குச்சியால் கண்காம்பைத் தொடுவார். உயிர் கொஞ்சம் இருந்தாலும் கண் ஓட்டுப் பள்ளத்துக்குள் சட்டென்று மடங்கும். வாய் ஓரத்தில் நுரை குமிழிட்டுக்கொண்டிருந்தால் அது இன்னும் மூச்சு விடுகிறது. கடைசியாக மடலின் பக்கம் மூக்கை வைத்துப் பார்ப்பார்.

11 நண்டுகள் செத்திருந்தன, கிட்டத்தட்ட எல்லாமே அடிவரிசை. ஐந்து நண்டுகளை முடிவு சொல்ல முடியாமல் தனியே வைத்தார். நிழலில் சூடு ஏறியதும் அவற்றில் மூன்று நகர்ந்தன. மற்ற இரண்டும் அசையவில்லை. ஆக 13.

இங்கேதான் முதல் விவாதம். மாமியார் கேட்டார்: "ஊர்ல ஐஸ்ல வெச்ச நண்டத்தான மாப்பிள்ள வாங்குறோம்? உசுரோடயா வருது? இத்தன வருசமா சாப்பிட்டு என்ன ஆயிருச்சு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வலையில் சிக்கும் கடல் நண்டு நம் சந்தைகளுக்குப் பெரும்பாலும் உயிரில்லாமல்தான் வருகிறது. மருமகனுக்கும் ஒரு டஜனுக்கு மேல் தூக்கிப் போட மனசு வரவில்லை. செத்ததை மட்டும் இப்போதே உடைத்துக் கழுவி, தனியாகக் குழம்பு வைத்துவிடலாமா என்று கேட்டார்.

மனைவிதான் முடிவைச் சொன்னார். "எப்ப செத்துச்சுன்னு தெரிஞ்சா யோசிக்கலாம்மா. காலைல பத்தரைக்கா, ரெண்டே முக்காலுக்கா, நமக்கு யாருக்குமே தெரியாது." பிடித்தவுடன் செத்து, அப்போதே நல்ல ஐஸில் வைத்து, சில மணி நேரத்தில் சுத்தம் செய்து அடுப்பேற்றும் நண்டு ஒரு கணக்கு. வெதுவெதுப்பாகிவிட்ட தேங்கிய தண்ணீரில், குடலும் செவுளும் உள்ளேயே இருக்க, தெரியாத நேரம் கிடந்த நண்டு வேறு கணக்கு. செத்தவுடன் நண்டின் செரிமானச் சுரப்பியில் உள்ள நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். கடல் நண்டில் இயல்பாகவே இருக்கும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் வெதுவெதுப்பில் வேகமாகப் பெருகும். கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும் என்பது உண்மை. கரைந்து குழைந்த சதையைக் கொதி திருப்பித் தராது, கெட்டுப்போனதில் சேர்ந்த எல்லாவற்றையும் அது நீக்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. 13 நண்டுகளும் உறையில் கட்டிக் குப்பைக்குப் போயின. 59 மிஞ்சின.

மாமியார் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உயிருள்ள நண்டுகளைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்போது, அடியில் ஒரு கம்பித் தட்டைக் கொண்டுவந்து போட்டது அவர்தான். தண்ணீர் தட்டுக்குக் கீழே நிற்கும், நண்டு மேலே இருக்கும். நல்ல ஏற்பாடு. ஈரச் சாக்கு மேலே, அடைப்பு திறந்தபடி, மூடி கொஞ்சம் விலகினபடி.

இதே நேரத்தில் ஒரு சிறு காயமும் நடந்தது. நண்டு பிரிக்க உதவிய நண்பர் ஒருவரை ஆள்காட்டி விரலில் நண்டு கடித்து ரத்தம் வந்தது. அவர் ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் உள்ளவர். மெக்ஸிகோ வளைகுடாக் கரையோரத்தின் வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி உண்டு. காயத்தின் வழியாகப் புகுந்தால், கல்லீரல் நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்கு அது வேகமாக முற்றக்கூடும். அவரைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கை கழுவ வைத்து, கட்டுப்போட்டு, நண்டு வேலையிலிருந்து விலக்கினார்கள். விரல் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், போய் நண்டு கடித்ததைச் சொல்ல வேண்டும் என்று அவர் மனைவியிடமும் சொல்லப்பட்டது. மற்றவர்கள் தடித்த கையுறை போட்டுக்கொண்டார்கள்.

## அடுப்பில்

புரொப்பேன் அடுப்பை வீட்டிலிருந்து தள்ளி, திறந்த வெளியில், சமதரையில் வைத்தார்கள். கார் ஷெட்டுக்குள்ளேயே வைத்தால் வெயில் படாது என்று ஒருவர் சொன்னதைப் பெரியவர் ஏற்கவில்லை. அடைந்த இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. பானையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தண்ணீர். நண்டும் கிழங்கும் விழுந்தால் தண்ணீர் ஏறும், பொங்கித் தீயில் விழும் என்பதற்காக.

தண்ணீர் கொதிக்கவே முக்கால் மணி நேரம் பிடித்தது. எலுமிச்சை, வெங்காயம், பூண்டு, மசாலாப் பைகள், உப்பு கலந்த மசாலாப் பொடி எல்லாம் போட்டுக் கொதிக்கவிட்டு, முதலில் உருளைக்கிழங்கு. இதற்கிடையில் முதல் முப்பது நண்டுகளைப் புது ஐஸில் கால் மணி நேரம் வைத்தார்கள். உயிரோடு துள்ளும் நண்டைக் கொதிநீரில் போட்டால் அது கொடுக்கையும் காலையும் உதிர்த்துவிடும். குளிரில் விறைத்துப்போனால் உதிர்க்காது, அதன் வேதனையும் குறையலாம். காலையில் தீங்கு செய்த அதே ஐஸ் இப்போது உதவியது. வித்தியாசம் எல்லாம் நேரத்தில்தான்.

முப்பது குளிர்ந்த நண்டுகள் விழுந்ததும் கொதி அடங்கிப்போனது. மறுபடி தளதளவென்று வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் நண்டு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டிருந்தது. "செவந்துருச்சு, எறக்கிரலாமே" என்றார் மாமியார். பெரியவரின் வழக்கமும் கொதி வந்தபின் ஐந்து நிமிடம், அப்புறம் தீயை அணைத்து அரை மணி ஊறவிடுவது. அதிகம் வெந்தால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கவலை, அது உண்மையும்கூட.

மனைவி கொதி திரும்பி வந்ததிலிருந்து 12 நிமிடம் என்றார். காரணமும் சொன்னார். 1978-இல் இதே லூசியானாவில் 11 பேருக்குக் காலராக் கிருமித் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. கரையோரச் சதுப்பு நிலங்களில் பிடித்து வீட்டில் சமைத்த நண்டுகளோடு அது சேர்த்துப் பார்க்கப்பட்டது. அப்போது செய்த சோதனையில், 8 நிமிடம் கொதித்த நண்டிலும் 25 நிமிடம் ஆவியில் வெந்த நண்டிலும்கூட அந்தக் கிருமி உயிரோடு இருக்க முடிந்தது. வெளியே பார்த்தால் அவை வெந்த நண்டாகத்தான் தெரிந்திருக்கும். ஓடு சிவப்பது, அஸ்டாக்ஸாந்தின் என்ற நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் சூட்டில் விட்டுவிடுவதால். ஓட்டின் நிறம் உள்ளே உடல் நடுவில் எவ்வளவு சூடு ஏறியது என்பதைச் சொல்லாது.

பெரியவரின் முறை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அதில் நண்டு கொதிநீரிலேயே அரை மணி கிடக்கிறது. ஆனால் அன்று தீயை அணைத்ததும் உறைந்த சோளத்தைப் போட்டுத் தண்ணீரைக் குளிர வைப்பதாகத் திட்டம். குளிர்ந்தால்தான் நண்டு மசாலாத் தண்ணீரை உள்ளே இழுக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை, மேலும் வேகாமலும் இருக்கும். அப்படிக் குளிர வைப்பதென்றால், ஊறும் நேரத்தை வேகும் நேரமாக நம்பிக் கணக்குப் போட முடியாது. அதனால் 12 நிமிடக் கொதி, பிறகு சோளம், பிறகு கால் மணி ஊறல். ஒரு நண்டை எடுத்து உடைத்துப் பார்த்தார்கள். சதை நடுவரை வெள்ளையாக, கண்ணாடித்தன்மை போய், கொடுக்கிலிருந்து முழுசாக உருவி வந்தது. பெரியவர் அதைத் தின்றுவிட்டு, ஒட்டவில்லை என்று தலையசைத்தார்.

இரண்டாம் ஈட்டில் சுவை பிசகியது. அதே தண்ணீர், கொதித்துக் கொதித்து வற்றியிருந்தது. சுவை குறைவாக இருந்துவிடக் கூடாது என்று மசாலாப் பொடியை முழு அளவில் மறுபடியும் போட்டார்கள். நண்டுக்கு ஓடு இருக்கிறது, தாங்கியது. உருளைக்கிழங்கு அத்தனை உப்பையும் காரத்தையும் குடித்துவிட்டது. பிள்ளைகள் ஒரு கடியோடு கீழே வைத்துவிட்டார்கள்.

## வெந்த நண்டை எங்கே வைப்பது

முதல் ஈடு தயாரானபோது மணி ஆறு இருபது. விருந்தினர்களில் பலர் இன்னும் வரவில்லை. சூட்டோடு வைத்திருக்க என்ன செய்வது? உதவிக்கு நின்ற நண்பர் ஒருவர் ஐஸ் பெட்டியை இழுத்து வந்தார். ஐஸ் பெட்டி சூட்டையும் காக்கும். வெந்ததை அதில் கொட்டி மூடி வைப்பது அந்தப் பக்கம் எல்லோரும் செய்வது. இரண்டாம் ஈட்டு நண்டுகள் ஐஸில் போய்விட்டதால் பெட்டி காலியாக இருந்தது. குழாய் நீரில் ஒரு அலசு அலசியும் கொண்டுவந்தார். நல்லெண்ணத்தோடுதான்.

பானைக்குள்ளிருந்து கூடையைத் தூக்க இரண்டு பேர் கை வைத்திருந்த நேரம். மனைவி ஓடிவந்து பெட்டியின் மூடியைச் சாத்தி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்ன சம்பவம் ஆற்றுக்கு அக்கரையில் நடந்தது. மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில், பேட்டன் ரூஜுக்கு நேர் எதிரே இருக்கும் ஊர் போர்ட் ஆலன். 1978 கோடையில் அங்கே நடந்த ஒரு விருந்துக்கு வந்த 1,700 பேரில் 1,133 பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். சாப்பிட்டது அவித்த இறால். காலையில் இறாலை அவித்தார்கள். பிறகு பச்சை இறால் வந்த அதே மரப்பெட்டிகளில் திரும்பப் போட்டு, குளிர்பதனம் இல்லாத லாரியில் 40 மைல் கொண்டுவந்து, மாலை வரை அப்படியே வைத்திருந்தார்கள். காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் சிறு மீன்களைச் சாப்பிட்ட 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது முதலில் அடையாளம் காணப்பட்ட கிருமி அது. அமெரிக்காவில் 1971-இல் மேரிலாந்து மாநிலத்தில் அது முதலில் பெரிய அளவில் கண்டறியப்பட்டபோதும் உணவு நண்டுதான்.

வெந்த நண்டில் இந்தக் கிருமி பச்சை நண்டில் இருப்பதைவிட வசதியாக வளரும். சூட்டில் மற்றப் பாக்டீரியாக்கள் எல்லாம் செத்துவிட்டதால் அதற்குப் போட்டி இல்லை. உணவு நிறைய, வெதுவெதுப்பும் இருக்கிறது. சாதகமான சூட்டில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். பச்சை நண்டின் தண்ணீர் சில துளி போதும். அன்றைய பெட்டியோ காலையிலிருந்து நண்டு செத்துக் கிடந்த பெட்டி. குழாய் நீர் அலசு அதற்குக் காணாது.

பெரியவர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அந்த விருந்தைப் பற்றி அவர் அறிந்திருந்தார். தன் வீட்டில் இரண்டு பெட்டி வைத்திருப்பதாகவும், உயிர் நண்டுக்கானதில் சிவப்பு நாடா ஒட்டியிருப்பதாகவும் சொல்லிவிட்டு, போய் மற்றதை எடுத்து வந்தார். கையுறைகளை மாற்றினார்கள். பச்சை நண்டைப் பிடித்த இடுக்கி தனியே போனது. முதல் ஈடு சுத்தமான பெட்டியில் ஆவி பறக்க ஏறியது.

## விருந்து

ஏழே காலுக்கு மேசையில் கொட்டினார்கள். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண்துறையின் அறிவுரை. அந்த மாலை இன்னும் 90-க்கு மேல்தான் இருந்தது. எட்டே காலுக்கு மேசையைக் காலி செய்வது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

முதன்முதலாக நண்டு உடைப்பவர்களுக்கு மாமியாரும் பெரியவரும் மேசையின் இரு முனைகளில் நின்று கற்றுக்கொடுத்தார்கள். மொழி தெரியாத இருவரின் கையும் ஒரே வேலையைச் செய்தன. மடலை நெம்பிப் பிய்த்து, ஓட்டைப் பின்னாலிருந்து தூக்கி, சாம்பல் நிறச் செவுள்களை இருபுறமும் சுரண்டி எறிந்து, உடலை இரண்டாக முறித்து, ஒவ்வொரு காலின் அடிமூட்டிலும் இருக்கும் சதைக் கட்டியை விரல் நுனியால் தள்ளி எடுப்பது. செவுள் விஷம் என்று ஒருவர் பயந்தார். விஷமில்லை, தின்ன நன்றாக இருக்காது, அழுக்கு சேரும் இடம், அவ்வளவுதான். ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் விழுதைப் பெரியவர் விரும்பித் தின்றார். அது நண்டின் செரிமானச் சுரப்பி. நீரில் மாசு இருந்தால் அதிகம் தங்கும் இடமும் அதுதான் என்பதால் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

எட்டு நண்டுகள் மிஞ்சின. உடனே சதையைப் பிரித்து எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். ஞாயிறு காலை மாமியார் அதில் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு நண்டுப் பொடிமாஸ் செய்தார்.

## விளைவு

திங்கட்கிழமை மாலைக்குள் வந்திருந்த எல்லோரிடமும் கணவர் கேட்டுவிட்டார். போர்ட் ஆலன் விருந்தில் பரவிய அந்தக் கிருமித் தொற்று வந்தால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. ஒவ்வாமை உள்ள பையனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. விரல் கடிபட்ட நண்பருக்குக் காயம் சாதாரணமாக ஆறியது. இரண்டாம் ஈட்டு உருளைக்கிழங்கு பெரும்பாலும் வீணாயிற்று.

எட்டிப் பார்த்த ஆபத்து நடந்திருக்குமா என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. செத்த 13 நண்டுகளைக் குழம்பு வைத்திருந்தாலும், பழைய பெட்டியிலேயே நண்டைப் போட்டிருந்தாலும் எல்லோரும் நலமாக இருந்திருக்கலாம். அப்படிச் செய்து நலமாக இருக்கிறவர்கள் ஏராளம். அதனால்தான் அந்தப் பழக்கம் தொடர்கிறது. என் கணிப்பில், இரண்டில் பெட்டி விஷயமே பெரிது. செத்த நண்டை மூக்கும் நாக்கும் ஓரளவு காட்டிக்கொடுத்திருக்கும். வெந்த நண்டின் மேல் சொட்டிய பச்சைத் தண்ணீரை யாருடைய நாக்கும் கண்டுபிடித்திருக்காது.

## மாற்ற வேண்டியவை

அந்தக் குடும்பம் அடுத்த முறைக்கென்று குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருப்பதில் முதலாவது, நண்டைப் பிற்பகல் மூன்றுக்கு மேல் வாங்குவது. காலையிலேயே போனால்தான் நல்லது கிடைக்கும் என்றால், பணத்தைக் கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மாலையில் போய் எடுக்கலாம். கடையில் வைக்க இடமும் குளிர் அறையும் இருக்கின்றன. வீட்டில் வைத்தே ஆக வேண்டுமென்றால் கம்பித் தட்டு, ஈரச் சாக்கு, திறந்த அடைப்பு.

உயிர் நண்டுப் பெட்டிக்கு இப்போது அவர்கள் வீட்டிலும் சிவப்பு நாடா. இடுக்கியிலும் ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்திருப்பது போதாது. உதவ வருகிறவர் கையில்தான் பெட்டி இருக்கும், அவர் கேட்டுவிட்டு எடுக்க மாட்டார். நாடா கேட்காமலே சொல்லிவிடும்.

கொதி திரும்பி வந்ததைப் பார்த்த பிறகே கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். ஒரு ஈட்டுக்கு முப்பது நண்டு என்பதை இருபதாகக் குறைத்தால் கொதி சீக்கிரம் திரும்பும். இரண்டாம் ஈட்டுக்கு முன் வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றி, நாக்கில் வைத்துப் பார்த்து, பொடியைப் பாதிக்கு மேல் போடாமல் இருப்பது. கிழங்கு எல்லாவற்றையும் முதல் ஈட்டிலேயே முடித்துவிடுவது. சைவப் பானை ஏற்பாட்டில் மாற்ற எதுவும் இல்லை. அடுத்த முறை அதைக் கொஞ்சம் பெரிதாக வைக்கலாம், ஏனென்றால் அசைவக்காரர்களும் அந்தச் சோளத்தைத்தான் தேடிப் போனார்கள்.

நண்டு ஓட்டைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட நண்டின் ஓடு ஜூன் வெயிலில் குப்பைத் தொட்டியில் இரண்டு நாள் கிடந்தால் தெருவே நாறும். குப்பை வண்டி வருவது செவ்வாய்க்கிழமை. பெரியவர் சொன்ன வழியில் ஓடுகளைத் தடித்த பையில் கட்டி உறைபெட்டியில் வைத்து, செவ்வாய் காலை வண்டி வரும் நேரத்துக்கு வெளியே வைத்தார்கள். அடுத்த முறை அதற்கும் முன்னாலேயே உறைபெட்டியில் ஒரு தட்டைக் காலி செய்து வைக்க வேண்டும். அன்று ஐஸ்கிரீமை எடுத்து வெளியே வைத்துத்தான் இடம் பண்ணினார்கள்.